இனாமும் மானமும்

சென்ற மாதம் நாம் நடத்திய கூட்டமொன்றில், வந்திருந்தவர்களுக்கெல்லாம் பகுத்தறிவுத் துண்டுப் பிரசுரங்களை இலவசமாய் வழங்கினோம். அதைப் பார்த்த தோழர் ஒருவர் வருத்தத்தோடு நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். கூட்டம் கலைந்து அவர் வெளியே வந்தபோது, வேர்க்கடலை வண்டிக்காரர் நமது பிரசுரத்தையே சுருட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக் கொண்டிருந்தாராம். "சும்மா கொடுத்த பொருளுக்கு மதிப்பு ஏது? இனிமேல் ஐந்து ரூபாயாவது விலை வையுங்கள். காசு கொடுத்து வாங்கினால்தான் மனிதன் படிப்பான்" என்பது அக்கடிதத்தின் சாரம்.

தோழரின் வருத்தம் நியாயமானதேயாகும். ஆனால் அவர் சொல்லும் காரணமும் நியாயமானதுதானா என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது. ஏனென்றால், "சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது" என்கின்ற வாக்கியம் நமது துண்டுப் பிரசுரத்தோடு நின்றுவிடுவதில்லை. அது பள்ளிக்கூடத்துச் சோற்றின் மேலும், ரேஷன் அரிசியின் மேலும், பெண்கள் டிக்கட் பணமில்லாமல் ஏறும் பஸ்ஸின் மேலும், சர்க்கார் ஆஸ்பத்திரி மருந்தின் மேலும் பாய்கின்றது. டீக்கடை பெஞ்சியிலிருந்து டில்லி வரையில் இந்தப் பேச்சுத்தான். 2022-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பிரதம மந்திரியே இலவசங்களைக் கண்டித்து, அவற்றைப் பண்டிகைக் காலத்தில் வாரி வழங்கும் மிட்டாய்க்கு ஒப்பிட்டுப் பேசினார். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளாத நாம், எல்லோரும் சொல்லுகின்றார்கள் என்பதற்காக மாத்திரம் ஒன்றை ஒப்புக்கொள்ளலாமா? ஆகவே இந்த வாக்கியத்தையும் சற்றுப் பரீட்சை செய்து பார்ப்போம்.

முதலில் அதில் உள்ள உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு விடுவோம். விலையைப் பார்த்துப் பொருளை மதிக்கும் குணம் மனிதனிடத்தில் இருக்கத்தான் செய்கின்றது. அமெரிக்காவில் 82 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனை 2008-ம் வருஷத்தில் வெளியாயிற்று. அவர்களுக்குக் கையில் சிறு மின்சார அதிர்ச்சி கொடுத்து, வலியைத் தணிக்கும் மாத்திரை என்று சொல்லி ஒரு மாத்திரையைக் கொடுத்தார்கள். உண்மையில் அதில் மருந்து ஒன்றுமே கிடையாது. பாதிப்பேருக்கு அதன் விலை இரண்டரை டாலர் என்றும், மற்றப் பாதிப்பேருக்கு அது பத்து சென்டுக்குக் குறைக்கப்பட்டிருக்கின்றது என்றும் சொல்லப்பட்டது. இரு கூட்டத்தாரும் விழுங்கியது ஒரே வெறும் மாத்திரைதான். ஆனால் விலை அதிகம் என்று கேட்டவர்களில்தான் அதிகம் பேர் வலி குறைந்தது என்றார்கள்.

இதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நமது கோயில்களில் தர்ம தரிசனத்துக்கு ஒரு வரிசை, பணம் கட்டினவருக்கு ஒரு வரிசை என்று வைத்திருக்கின்றார்களல்லவா? உள்ளே இருப்பது ஒரே கல்தான். பார்க்கும் நேரமும் அநேகமாய் ஒன்றுதான். ஆனாலும் நூறு ரூபாய் கட்டினவனுக்குத் தனக்கு அதிகமான அருள் கிடைத்துவிட்டதாக ஒரு திருப்தி. பொருளின் குணம் இன்னதென்று தானே சோதித்து அறிய முடியாத இடத்தில் மனிதன் விலைச்சீட்டைப் பார்த்து முடிவு செய்கின்றான். ஒரு மனிதனுடைய குணத்தை அறிய முயலாமல் அவன் ஜாதியைக் கேட்டு மதிப்புப் போடுவதற்கும், ஒரு பொருளின் குணத்தை அறியாமல் அதன் விலையைக் கேட்டு மதிப்புப் போடுவதற்கும் அதிக வித்தியாசமில்லை. இரண்டும் புத்திக்கு வேலை கொடுக்க மனமில்லாதவன் செய்யும் காரியமேயாகும்.

விலை இல்லை என்பதும் அதுபோலவே புத்தியை மயக்கக் கூடியதுதான். 2007-ல் வெளியான மற்றொரு அமெரிக்கச் சோதனையில், உயர்ந்த ரகச் சாக்கலேட்டு 15 சென்டுக்கும், சாதாரணச் சாக்கலேட்டு 1 சென்டுக்கும் வைக்கப்பட்டன. பெரும்பாலோர் உயர்ந்ததையே எடுத்தார்கள். பிறகு இரண்டிலும் ஒவ்வொரு சென்டு குறைத்து, உயர்ந்தது 14 சென்டு, சாதாரணமானது இனாம் என்று வைத்தார்கள். விலை வித்தியாசம் முன்போல் அதே 14 சென்டுதான். ஆனாலும் இப்பொழுது பெரும்பாலோர் சாதாரணமானதையே எடுத்தார்கள். கணக்கு மாறவில்லை, "இனாம்" என்கின்ற ஒரு வார்த்தைதான் புகுந்தது. ஜவுளிக்கடைக்காரன் "இரண்டு வாங்கினால் ஒன்று இனாம்" என்று போர்டு எழுதி வைப்பது இந்த இரகசியம் தெரிந்துதான். கூர்ந்து பார்த்தால், இங்கே இனாம் என்ற பெயரால் பொருளின் மதிப்புக் குறையவில்லை. அதன் தகுதிக்கு மேலே கூடித்தான் இருக்கின்றது. எனவே "சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது" என்பது சாக்கலேட்டு விஷயத்திலேயே பொய்யாய்ப் போய்விடுகின்றது.

நிற்க. சாக்கலேட்டும் வெறும் மாத்திரையும் விளையாட்டுச் சங்கதிகள். உயிரைக் காக்கும் பொருளை இலவசமாய்க் கொடுத்தால் என்ன ஆகின்றது? அதற்கும் விடை இருக்கின்றது. ஆப்பிரிக்காக் கண்டத்தில் மலேரியாக் காய்ச்சலால் வருஷந்தோறும் லக்ஷக்கணக்கான உயிர்கள், அதிலும் முக்கியமாய்க் குழந்தைகள், மாண்டு வருவதை யாவரும் அறிவார்கள். பூச்சி மருந்து ஊட்டிய கொசுவலைக்குள் படுத்தால் அதைப் பெரிதும் தடுக்கலாம். ஆனால் அந்த வலையை ஏழைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்பதில் பெரிய தர்க்கம் நடந்தது. "சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள். மீன் பிடிக்கத்தான் உபயோகிப்பார்கள். கொஞ்சமாவது காசு வாங்கினால்தான் வீட்டில் கட்டித் தொங்கவிட்டு அதற்குள் படுப்பார்கள்" என்று ஒரு சாரார் சொன்னார்கள். நமது தோழர் நமக்கு எழுதிய அதே வார்த்தை!

ஜெசிக்கா கோஹன், பாஸ்கலின் டூபா என்கின்ற இரண்டு பெண் அறிஞர்கள், இதை வாயால் தர்க்கித்துக் கொண்டிராமல் கென்யா தேசத்தின் மேற்குப் பாகத்துக்குச் சென்று சோதித்துப் பார்த்தார்கள். 16 கர்ப்பிணி வைத்திய நிலையங்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் வலையை இலவசமாகவும், மற்றவற்றில் 10 ஷில்லிங், 20 ஷில்லிங், 40 ஷில்லிங் என்று விலை வைத்தும் கொடுக்கச் செய்தார்கள். 40 ஷில்லிங் என்பது அப்பொழுது அமெரிக்கக் காசில் சுமார் 60 சென்டு. வலையின் அசல் கிரயத்தில் அது ஒரு சிறு பாகமே. பிறகு, வலையை வாங்கியவர்களின் வீடுகளுக்கே ஆளனுப்பி, வலை கட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்த்தார்கள். கண்டது என்ன?

காசு கொடுத்து வாங்கியவர்கள், சும்மா வாங்கியவர்களைவிட அதிகமாய் வலையை உபயோகித்ததாகக் காணவில்லை. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் உபயோகித்தார்கள். ஆனால் வேறொரு பெரிய வித்தியாசம் தெரிந்தது. இலவசமாய்க் கொடுத்த இடத்தில் அநேகமாய் எல்லாக் கர்ப்பிணிகளும் வலையைப் பெற்றுச் சென்றார்கள். 40 ஷில்லிங் கேட்ட இடத்திலோ நூற்றுக்கு 60 பேர் வலையில்லாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அதாவது, விலை வைத்ததால் வலைக்கு ஒரு குன்றிமணி அளவு மதிப்பும் கூடவில்லை. கொசுவுக்குத்தான் இரை கூடிற்று. இந்த ஆராய்ச்சி 2010-ல் வெளியாயிற்று. அதற்கு முன்பே, 2007 ஆகஸ்டில், உலக சுகாதார ஸ்தாபனம் இந்த வலைகளை இலவசமாகவோ, மிகவும் குறைந்த விலைக்கோ யாவருக்கும் கொடுக்க வேண்டுமென்று சொல்லியிருக்கின்றது.

இன்னொன்றையும் கேளுங்கள். "ஒரு முறை சும்மா வாங்கிப் பழகினவன் மறுமுறை காசு கொடுத்து வாங்க மாட்டான்" என்கின்றார்களே, அதையும் டூபா சோதித்தார். முதல் வருஷத்தில் இலவசமாகவோ மிக மலிவாகவோ வலை பெற்றவர்களுக்கும், அதிக விலை கேட்கப்பட்டவர்களுக்கும், பின்னொரு வருஷம் ஒரே விலையில் வலை விற்கப்பட்டது. அப்பொழுது, முன்னே சும்மாவும் மலிவாகவும் பெற்றவர்களே அதிகமாய்க் காசு கொடுத்து வாங்க முன்வந்தார்கள். காரணம் வெகு சுலபம். அதற்குள் படுத்துப் பார்த்தார்கள், சுகம் தெரிந்தது. மதிப்பு என்பது அனுபவத்தினால் வருகின்றதேயல்லாமல், பணப்பையிலிருந்து வருவதல்ல.

அதே தேசத்தில் பூசியா ஜில்லாவில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடல் புழு மருந்து கொடுத்ததையும் சொல்ல வேண்டும். 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான மைக்கேல் கிரேமரும், எட்வர்டு மிகேல் என்பவரும் அதை ஆராய்ந்து எழுதியிருக்கின்றார்கள். மருந்து இலவசமாய் இருந்தபோது நூற்றுக்கு 75 பிள்ளைகள் அதை உட்கொண்டார்கள். பெற்றோரிடம் ஒரு சிறு தொகை கேட்கத் தொடங்கியதும் அது நூற்றுக்கு 19 ஆகச் சுருங்கிவிட்டது. "காசு வாங்கினால் மதிப்பு வரும்" என்று சொல்லுகிறவர்கள், மிச்சமுள்ள பிள்ளைகளின் வயிற்றில் இருந்த புழுக்களைக் கேட்டால், அவை அந்தத் தத்துவத்துக்கு வாழ்த்துக் கூறக்கூடும்.

அன்றியும், காசு வாங்குவதாலேயே ஒரு காரியத்தின் மதிப்புக் கெட்டுப்போவதும் உண்டு. இஸ்ரேல் தேசத்து ஹைஃபா பட்டணத்தில் 10 குழந்தைக் காப்பகங்களில் நடந்த சோதனை ஒன்று 2000-ம் வருஷத்தில் வெளியாயிற்று. மாலையில் பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோர் நேரங்கழித்து வந்தார்கள், ஆயாமார் காத்துக் கிடந்தார்கள். இதைத் தடுக்க 6 காப்பகங்களில் தாமதத்துக்கு 10 ஷெக்கல் அபராதம் போட்டார்கள். தாமதம் குறைந்ததா? இல்லை. ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று! அதுவரையில் "ஐயோ, அந்த அம்மாள் நமக்காகக் காத்திருக்கின்றாளே" என்று கூசிய மனம், "காசுதான் கொடுக்கின்றோமே" என்று கூச்சத்தை விட்டுவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய மரியாதை திரும்பவில்லை. நமது தேசத்தில் இரத்தத்தை விலைக்கு விற்கும் தொழிலை 1998 ஜனவரி 1 முதல் ஒழிக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் உத்தரவிட்டது. இன்று ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறவனுக்கு ஏறும் இரத்தம் யாரோ ஒருவன் காசு வாங்காமல் கொடுத்தது. அது சும்மா கிடைத்தது என்பதற்காக எந்த நோயாளியாவது அதை அலட்சியமாய் நினைப்பானா?

அப்படியானால் இலவசத்தினால் எதற்குமே மதிப்புக் குறைவதில்லையா என்று கேட்கலாம். குறைகின்றது. ஆனால் குறைவது எது என்பதில்தான் உலகம் ஏமாந்து கிடக்கின்றது. குறைவது வாங்குகிறவன் கண்ணில் பொருளின் மதிப்பல்ல. கொடுக்கிறவன் கண்ணில் வாங்குகிறவனுடைய மதிப்பேயாகும்.

நமது மக்கள் வெகுகாலமாய் சர்க்கார் ஆஸ்பத்திரியை "தர்மாஸ்பத்திரி" என்று சொல்லி வந்தார்கள். அந்தப் பெயரிலேயே சங்கதி முழுவதும் அடங்கியிருக்கின்றது. ஊரார் வரிப்பணத்தில் கட்டிய இடத்தில், ஊரார் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவன், தான் ஏதோ தர்மம் செய்வதாக நினைத்துவிடுகின்றான். உடனே "ஏய் கிழவி, அங்கே போய் உட்காரு" என்கின்ற வார்த்தை வந்துவிடுகின்றது. கிழவியோ மருந்தை அலட்சியம் செய்யவில்லை. அதற்காக விடியற்காலம் எழுந்து, இரண்டு பஸ் மாறி வந்து, வரிசையில் நிற்கின்றாள். அலட்சியம் அவளிடமிருந்து மருந்துக்குப் போகவில்லை, மருந்து கொடுக்கும் இடத்திலிருந்துதான் அவளுக்கு வருகின்றது. பிறகு அதே மனிதர்கள், "பாருங்கள், இலவச ஆஸ்பத்திரியை ஜனங்கள் மதிப்பதில்லை" என்று சொல்லுகின்றார்கள்.

2021 மே மாதத்தில் நமது சர்க்கார் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமில்லாமல் பிரயாணம் செய்யலாமென்று உத்தரவிட்டது. பெண்கள் அந்தப் பிரயாணத்தை மதிக்காமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்களா? இல்லை, கூட்டம் கூட்டமாய் ஏறினார்கள். வேலைக்குப் போனார்கள், சந்தைக்குப் போனார்கள், புருஷனிடம் பஸ்ஸுக்கு என்று கையேந்தாமல் தாய்வீட்டுக்குப் போனார்கள். பொருளுக்கு அதைவிட மதிப்பு வேறென்ன வேண்டும்? ஆனால் 2022-ல் மந்திரி ஒருவரே பொதுமேடையில் இதை "ஓசி" என்று சொல்லி, கண்டனம் எழுந்தது யாவருக்கும் நினைவிருக்கும். மதிப்புக் குறைந்தது பஸ்ஸுக்கல்ல, ஏறினவளுக்கே.

இந்த "ஓசி" என்கின்ற வசவு எல்லோருக்கும் பொதுவானதும் அல்ல. முன்னாளில் நமது நாட்டில் வரியில்லாமலும், குறைந்த வரிக்கும் ஏராளமான நிலங்கள் சிலருக்கு விடப்பட்டிருந்தன. கோயிலுக்கும், வேதம் ஓதினவருக்கும், உத்தியோகஸ்தருக்கும் கொடுக்கப்பட்ட அந்த நிலங்களுக்கு இனாம் என்று பெயர், மானியம் என்றும் பெயர். மானியம் என்பதற்கு மரியாதைக்குரியது என்றல்லவோ பொருள்! அதாவது, பெரிய இடத்துக்குச் சும்மா போனால் அது மானியம், குடிசைக்குச் சும்மா போனால் அது ஓசி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஊட்டுப்புரைகள் வைத்துப் பிராமணர்களுக்குத் தினந்தோறும் சர்க்கார் செலவில் சோறு போட்டார்கள். உண்டவர்களுக்கு அதனால் மானம் குறைந்ததாய் யாரும் எண்ணவில்லை. போட்டவனுக்குப் புண்ணியம் என்றும், உண்டவனுக்குக் கௌரவம் என்றும் எண்ணினார்கள். ஆகவே சும்மா கிடைப்பதால் மதிப்புக் குறையும் என்பது இயற்கை விதியாயிருந்தால், அது எல்லோருக்கும் ஒன்றுபோல் வேலை செய்திருக்க வேண்டாமா? ஆளைப் பார்த்து வேலை செய்வது இயற்கை விதியாகாது. அது மேலே இருப்பவன் தன் சௌகரியத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடேயாகும்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று நம்மில் ஒரு பழமொழி வழங்குகின்றது. இதைவிடக் கெட்ட உபதேசம் நமக்குத் தெரிந்தவரையில் வேறில்லை. காசு கொடுத்து வாங்குகிறவன் மாட்டின் பல்லைப் பார்க்கலாம், சுழியைப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். சும்மா வாங்குகிறவன் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டுவிட்டுக் கிழட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டுமாம். ரேஷன் அரிசியில் கல்லிருந்தாலும், புழுவிருந்தாலும், "சும்மாதானே கொடுக்கிறார்கள்" என்று நமது ஜனங்கள் பேசாமல் பொறுக்கியெடுத்துப் பொங்கிவிடுவதற்கு இந்த உபதேசமே காரணம். இலவசத்தில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான். கேட்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பது.

ஆனால் அது சும்மா கொடுத்ததா? சோப்புக் கட்டி வாங்கும் கூலிக்காரியும், செருப்பு வாங்கும் தோட்டியும் அந்தச் சாமான்களின் விலையோடு சேர்த்து வரி கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றார்கள். மந்திரியின் வீட்டுப் பணமல்ல, கட்சியின் நிதியுமல்ல. எல்லோரும் போட்ட பொதுப்பணத்திலிருந்து எல்லோருக்கும் வேண்டிய ஒன்று திரும்பி வருகின்றது. தன் வீட்டு மாட்டின் பல்லைத் தான் பார்க்க ஒருவனுக்கு யாருடைய அநுமதி வேண்டும்?

பள்ளிக்கூடச் சோற்றின் சரித்திரம் இதற்கு நல்ல உதாரணமாகும். 1920-ல் தியாகராயச் செட்டியார் தலைவராயிருந்த காலத்தில் சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் செலவு செய்து உணவு போடத் தீர்மானித்தது. சில பள்ளிகளுக்குப் பரவிய அந்த ஏற்பாடு, 1925-ல் அன்றைய சர்க்கார் பணச்செலவுக்குச் சம்மதிக்காததால் நின்றுபோயிற்று. காமராசர் காலத்தில், 1956-ஐ ஒட்டி, பகலுணவு மாகாணமெங்கும் பரவிற்று. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.இராமச்சந்திரன் சர்க்கார் அதைச் சத்துணவாக விரிவாக்கிற்று. அப்பொழுதெல்லாம் "பிள்ளைகளைப் பிச்சைக்காரராக்குகிறார்கள்" என்று சொன்னவர்கள் உண்டு. 2001 நவம்பர் 28-ல் சுப்ரீம் கோர்ட்டு, நாடெங்கும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு போட வேண்டுமென்று உத்தரவிட்டது. அன்றோடு அது தர்மச்சோறு என்பது போய், பிள்ளையின் பாத்தியதை ஆயிற்று. பாத்தியதை என்று ஆனபிறகுதான் சோற்றில் பல்லி விழுந்தால் தாய்மார் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்கின்றார்கள், பத்திரிகை எழுதுகின்றது, அதிகாரி ஓடிவருகின்றார். சோறு அன்றும் இலவசம், இன்றும் இலவசம். மாறியது விலையல்ல. வாங்குகிறவர் நிற்கும் நிலைதான் மாறியிருக்கின்றது.

இதற்கு எதிராய்ச் சொல்லப்படும் இரண்டொரு ஆட்சேபனைகளுக்கும் பதில் சொல்லிவிடுகின்றோம். ரேஷன் அரிசியையும், இலவசமாய்க் கொடுத்த சாமான்களையும் சிலர் விற்றுவிடுகின்றார்களே, அது மதியாமையல்லவா என்கின்றார்கள். விற்கிறவன் அதன் மதிப்பை நன்றாய் அறிந்துதான் விற்கின்றான். அவனுக்கு அப்பொழுது அரிசியைவிட மருந்தோ, பிள்ளையின் நோட்டுப் புத்தகமோ அவசரமாயிருக்கின்றது. அவன் தேவை இன்னதென்று கேளாமல் கொடுத்ததுதான் தப்பேயொழிய, விலையில்லாமல் கொடுத்தது தப்பாகாது.

மற்றொரு ஆட்சேபனைக்கு அதிக நியாயமுண்டு. நமது நாட்டில் 1990 முதல் விவசாயிகள் எல்லோருக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. அது ஏழைக் குடியானவனைக் காப்பாற்றியிருக்கின்றது. ஆனால் இரவெல்லாம் மோட்டார் ஓடி நிலத்தடி நீர் கீழே கீழே போனதற்கும் அது ஒரு காரணமென்பதை மறுக்க முடியாது. இங்கே கெட்டது மதிப்பல்ல, அளவு. கொசுவலையை ஒருவன் பத்தாகக் கட்டிக்கொண்டு படுக்க மாட்டான். தண்ணீருக்கும் மின்சாரத்துக்குமோ எல்லை தெரியாது. அப்படிப்பட்ட பொருளை இவ்வளவு வரையில் இலவசம் என்று அளந்து கொடுக்க வேண்டும். அளக்க வேண்டிய இடத்தில் அளக்காமல் விட்டுவிட்டு, பிறகு குடியானவனுக்குப் புத்தி போதாது என்று உபதேசம் செய்வது வீணாகும்.

ஆனால் இனாம் என்ற பெயரில் வருகின்ற ஒன்றை மாத்திரம் நமது மக்கள் காறித் துப்ப வேண்டுமென்று சொல்லுவோம். அது தேர்தலுக்கு முதல்நாள் இரவு கதவிடுக்கில் வருகின்ற கவர். 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டதும், 2017 ஏப்ரலில் சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல் ரத்தானதும் இதனால்தான். அது இனாமே அல்ல. சுத்தக் கிரயம். ஐந்து வருஷம் கேள்வி கேட்கும் உரிமையை விலைக்கு வாங்குவதற்குக் கொடுக்கும் முன்பணம். ஒரு பொருள் வரும்போது, "இதை வாங்கினால் நாளைக்கு நான் வாய் திறக்கலாமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறக்கலாம் என்றால் அது உங்கள் பாத்தியதை, நிமிர்ந்து வாங்குங்கள். திறக்கக்கூடாது என்றால் அது எவ்வளவு விலையுயர்ந்த பொருளானாலும் உங்கள் மானத்தின் கிரயம், தொடாதீர்கள். சுயமரியாதை கெடுவது கை நீட்டுவதால் அல்ல, முதுகு வளைவதால்தான்.

கடைசியாக, நமது தோழரின் கடிதத்துக்கு வருவோம். வேர்க்கடலை வண்டிக்காரர் நமது பிரசுரத்தில் பொட்டலம் கட்டினார் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வண்டியில் மற்ற நாட்களில் பொட்டலம் எதில் கட்டப்படுகின்றது என்பதைத் தோழர் கவனித்தாரா? தினந்தோறும் காசு கொடுத்து வாங்கப்படும் பத்திரிகைகளில்தான்! காசு கொடுத்ததனால் அவை பெட்டியில் வைத்துப் பூட்டப்படவில்லை, எடைக்குத்தான் போயின. காகிதத்தின் கடைசி கதி அதுவே. நாம் கவலைப்பட வேண்டியது, பொட்டலமாகும் முன்பு அதை யாராவது படித்தார்களா என்பதைப் பற்றித்தான். படிக்கவில்லையென்றால் நமது எழுத்தில் குறையிருக்கலாம், படிக்கத் தெரியாதவர் கையில் கொடுத்திருக்கலாம், கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லாமல் கையில் திணித்திருக்கலாம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, "சும்மா கொடுத்ததால்தான்" என்று ஜனங்கள் மேல் பழி போடுவது நமது சோம்பலுக்குச் சமாதானமே தவிர வேறல்ல.

தோழருக்கு ஒன்று சொல்லுகின்றோம். அடுத்த கூட்டத்தில் அவரே பொறுப்பெடுத்துக் கொள்ளட்டும். ஒரு வாசலில் பாதிப் பிரசுரங்களை ஐந்து ரூபாய்க்கு விற்கட்டும். மறு வாசலில் மீதியை, பெயரும் தெருவும் எழுதிக்கொண்டு இலவசமாய்க் கொடுக்கட்டும். ஒரு வாரம் கழித்து நாம் இருவருமே வீடு வீடாய்ப் போய், யார் படித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவோம். தோழர் சொன்னதுபோல் இருந்தால் நாம் ஒப்புக்கொண்டு விலை வைத்து விடுகின்றோம். கணக்கு எப்படி வந்தாலும் அதை இந்தப் பத்திரிகையிலேயே வெளியிடுவோம்.

அதுவரையில், வசதியுள்ள தோழர்கள் சந்தாவைத் தவறாமல் அனுப்ப வேண்டுகின்றோம். அது இந்தப் பத்திரிகைக்கு மதிப்பு வருவதற்காகவல்ல. காகிதக்காரரும் அச்சுக்கூடத்தாரும் நமக்கு இலவசமாய்க் கொடுப்பதில்லை என்பதற்காகவே. வசதியில்லாதவர்கள் ஒரு கார்டு எழுதினால் போதும், பத்திரிகை வீடு தேடி வரும். அதற்காக நமக்கு நன்றி செலுத்த வேண்டியதில்லை. படித்துப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் பல்லைப் பிடித்துக் காட்டினால் அதுவே போதுமானதாகும்.